இலை எடுக்காத பந்தி

புதுக் கல்யாண ஆல்பத்தை முதல்முறை பிரிக்கும்போது ஒரு சத்தம் வரும். மேலே பூசிய பளபளப்பில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று பிரியும், தோலிலிருந்து பிளாஸ்திரியை உரிப்பதுபோல. கூடவே பசையும் ரெக்சினும் கலந்த ஒரு வாடை. போன வாரம் எங்கள் ஐயப்பன்தாங்கல் அடுக்ககத்தில் எதிர்வீட்டுப் பெண் தன் ஆல்பத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துப் பிரித்தாள். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குக் காது மடல் சுட்டது. சிலருக்கு வெட்கம் முகத்தில் வரும், சிலருக்குக் கழுத்தில். எனக்குக் காதில்.

"இன்னா ஆன்ட்டி, நல்லா இல்லையா?" என்றாள்.

"நல்லா இருக்கும்மா" என்றேன். நான் மணப்பெண்ணைப் பார்க்கவில்லை. பக்கங்களின் ஓரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் இல்லை என்று தேடிக்கொண்டிருந்தேன். இல்லாதவரை ஆல்பத்தில் எப்படித் தேடுவது என்று மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கைபேசி ஆப் எழுதும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களே, அன்று மாலையே உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன். நான் வேலையை விட்டு விலகியவள். ஐம்பது இன்னும் ஆகவில்லை, ஆனாலும் இந்தத் தொழிலில் அது ஓய்வுபெறும் வயதுதான். உருட்டும் திரையில் நிறையப் படங்களை வேகமாகக் காட்டும் வித்தை உங்களுக்கு இப்போது என்னைவிட நன்றாகத் தெரியும். அதை நான் சொல்லப்போவதில்லை. அப்படி வேகமாக ஓடிய படங்களுக்கு நடுவே ஒரு பெண் எப்படித் தவறிப்போனார், அதற்குப் பிறகு நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதைச் சொல்கிறேன். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் சுடுகிறது.

எங்கள் அலுவலகம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், தகடு அடிக்கும் பட்டறை ஒன்றின் மாடியில் இருந்தது. கீழே அச்சு விழும்போதெல்லாம் மேலே டம்ளர் தேநீரில் வட்டம் வட்டமாக அலை எழும். அந்த நடுக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் போட்டோ ஸ்டூடியோக்களுக்கு ஓர் ஆப் செய்தோம். கல்யாணம் முடிந்ததும் ஸ்டூடியோக்காரர் எடுத்த படங்களையெல்லாம் அதில் ஏற்றுவார். கல்யாண வீட்டார் தங்கள் கைபேசியில் தள்ளித் தள்ளிப் பார்த்து, ஆல்பத்துக்கு வேண்டியதைத் தொட்டு டிக் போட வேண்டும். டிக் விழுந்தவை மட்டும் அச்சுக்குப் போகும்.

ஆல்பத்துக்குப் படம் பொறுக்குவது நம் வீடுகளில் கல்யாணத்தின் கடைசிச் சடங்கு. முதல் பந்தியில் யார் உட்கார்ந்தார்கள் என்பதைக்கூட மறந்துவிடுவார்கள், இரண்டாம் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை மறக்கமாட்டார்கள். தாய்மாமன் மாலை போட்டது வந்திருக்கிறதா, சம்பந்தி வீட்டுப் பெரியம்மா கண்ணை மூடாமல் இருக்கிறாரா, இந்தப் பக்கம் நாலு பேர் என்றால் அந்தப் பக்கமும் நாலு பேர் இருக்கிறார்களா. வருஷக்கணக்காகியும் ஏதோ ஒரு விசேஷத்தில், கையில் காபியை வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் கேட்பார்: "உங்க ஆல்பத்துல எங்களத் தேடித் தேடிப் பாத்தோம்." இதெல்லாம் எனக்குத் தெரியாததா? நானும் கல்யாணம் செய்துகொண்டவள்தான். தெரிந்தும், நாற்காலியில் உட்கார்ந்து திரையைத் திறந்த நிமிடமே அந்த முகங்களெல்லாம் எனக்குக் கோப்புகளாகிவிட்டன. எடை உள்ள கோப்புகள். ஓட்டத்தைத் தடுக்கும் கோப்புகள்.

கைபேசி சின்னது. ஒரு கல்யாணத்தின் அத்தனை படங்களையும் ஒரே நேரத்தில் அதன் தலையில் ஏற்றினால் மூச்சுமுட்டிப் படுத்துவிடும். அதனால் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம்: பந்தி. திரையில் தெரிகிற அளவுக்குச் சில கட்டங்கள் மட்டுமே உண்டு. மேலே தள்ளப்பட்டு மறைகிற கட்டம், அடுத்த படத்தை உட்காரவைத்துக்கொண்டு கீழே வந்து முளைக்கும். சாப்பிட்டவர் எழுந்ததும் அதே நாற்காலியில் அடுத்தவர். எழுந்தவரின் இலையை எடுத்து, மேசையைத் துடைத்து, புது இலை போட வேண்டும். விதி அவ்வளவுதான்.

எனக்கோ ஓட்டம் தயங்கக்கூடாது என்று ஒரு வெறி. விரல் தள்ளினால் படங்கள் ஓடையில் விட்ட பூப்போலப் போக வேண்டும். முதலில் மங்கலான சின்னப் படம், பிறகு அதன்மேல் தெளிவான படம் என்று வைத்தேன். விரல் ஓடிக்கொண்டிருக்கும்போது கட்டத்தில் எவ்வளவு குறைவாகக் கைவைக்கிறோமோ அவ்வளவு வழுக்கும். ஆகவே டிக்கைப் புதுப்பிக்கும் வேலையையும் தெளிவான படம் வந்து சேரும்வரை தள்ளிப்போட்டேன். என் மேசையில் இருந்த போனில் மங்கலும் தெளிவும் ஒன்றன் குதிகாலில் ஒன்று மிதித்துக்கொண்டு வந்தன. இடையில் ஓர் இமைப்பொழுதுகூட இல்லை. ஆனால் பழைய போனில், சிக்னல் இழுக்கிற வீட்டில், மங்கலான படம் வந்து உட்கார்ந்துவிடும், தெளிவு வழியில் எங்கோ நிற்கும். அதுவரைக்கும் அந்தக் கட்டத்தில் முன்பு இருந்த படத்தின் டிக் அப்படியே தங்கியிருக்கும். எச்சில் இலையை எடுக்காமல் அடுத்த விருந்தாளியை உட்காரவைத்திருந்தேன்.

அதை ஒருவர் பார்த்தார். ரஃபி. எங்கள் ஆப் ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிப்பது அவர் வேலை. ஆவடிக்காரர், முப்பதுகளின் நடுவில் இருந்தார். ஒருநாள் தன் மனைவியின் பழைய போனைக் கொண்டுவந்து என் முன் வைத்தார்.

"மேடம், இதுல வேகமா தள்ளுனா டிக்கு தங்கி நிக்குது. தொடாத படத்துல எல்லாம் டிக்கு."

"எவ்ளோ நேரம்?"

"படம் தெளிவாகற வரைக்கும்."

"தெளிவானதும் போயிடுதுல்ல?"

"போயிடுது."

"அப்ப சரியாத்தானே இருக்கு ரஃபி."

அவர் போனை எடுத்து மறுபடி ஒருமுறை தள்ளிப் பார்த்தார். "தெளிவாகற வரைக்கும் யாரு மேடம் நிப்பாங்க? எங்க ஊட்ல இப்படித்தான் தள்ளுவா. ரயிலு போற மாதிரி."

"அப்ப உங்க ஒய்ஃபுக்குப் புது போன் வாங்கிக் குடுங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ரஃபியும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் விஷயம் முடிந்தது. 'தோற்றக் குறை, பிறகு பார்க்கலாம்' என்று குறித்து மூடினேன். ஒரு கேள்வியை மூட நல்ல பதில்தான் வேண்டும் என்றில்லை, நல்ல கிண்டல் போதும். பெரிய பதவியில் இருப்பவரின் கிண்டல் என்றால் இன்னும் சீக்கிரம் மூடும். இதை நீங்களும் ஒருநாள் செய்வீர்கள். செய்யும்போது உங்கள் காது சுட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சில மாதங்கள் போயின. கரையான்சாவடி மெயின் ரோட்டில் பாத்திரக் கடைக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த மூர்த்தி போன் செய்தார். எங்கள் ஆப்பை முதன்முதலில் வாங்கியவர்களில் ஒருவர்.

"மேடம், இன்னா பண்ணி வச்சிகீறீங்க? இங்க ஒருத்தரு காலைலேர்ந்து கடையில குந்திகினு கீறாரு. போட்டோ எங்கன்றாரு. நான் இன்னா, முழுங்கிட்டனா? கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

போனேன். கஜேந்திரன் என்றார் மூர்த்தி, வந்திருந்தவர் பெயரை. ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் வேலை; தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். மகள் கல்யாண ஆல்பத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல.

"மேடம், எங்க அக்கா ஒரு போட்டோல கூட இல்ல" என்றார்.

"சார், நீங்க டிக்கு போட்டு அனுப்ச்ச நம்பர்ல அது இல்ல சார்" என்றார் மூர்த்தி. "இல்லாதத நான் எப்டி அடிக்கறது?"

"டிக்கு இருந்துச்சுய்யா. என் கண்ணால பாத்தேன்."

"இருந்திருந்தா வந்திருக்கும்ல? நைனா மாதிரி கீறீங்க, உங்களாண்ட நான் பொய் சொல்லுவனா?"

அக்காவின் பெயர் சரோஜா. கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. முத்தாபுதுப்பேட்டையில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். தம்பி மகள் திவ்யாவின் முகூர்த்த ஜாக்கெட்டும் அவர் தைத்ததுதான். கல்யாணத்தன்று மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். தாலியில்லாதவள் மேடையேறினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று. தாலி கட்டி முடித்ததும் திவ்யா மேடையிலிருந்து சத்தம் போட்டிருக்கிறாள்: "அத்த, நீ வா. நீ வராம நான் யாரு கூடவும் நின்னு போட்டோ எடுக்கமாட்டேன்." வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்க, சரோஜா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மேடையேறி, மணப்பெண்ணின் கன்னத்தோடு கன்னம் வைத்து நின்றிருக்கிறார். மூர்த்தியின் ஆள் அவரை எடுத்தது அந்த ஒரு படம்தான்.

"ஆல்பம் வந்த அன்னிக்கு அக்காவக் கூப்ட்டு உக்கார வச்சி, எல்லாரும் சுத்தி நின்னு பாத்தோம் மேடம்" என்றார் கஜேந்திரன். "பக்கத்துக்குப் பக்கம் அது தச்ச ஜாக்கெட்டு இருக்குது. அது இல்ல. கடைசிப் பக்கம் முடிஞ்சப்புறமும் அட்டைய ஒரு தபா திருப்பிப் பாத்துச்சு, ஏதோ மிச்சம் இருக்கற மாதிரி. காபி குடிக்காம எழுந்து போயிடுச்சு. இப்ப பொண்ணுக்கு வளைகாப்பு வருது. அத்த வந்து வளையல் போட்டாதான் கைய நீட்டுவேன்றா. போயிக் கூப்ட்டா, போட்டோலயே வேணாம்னு தள்ளுனவங்களுக்கு வளையல் போட நான் எதுக்குன்னு கதவ சாத்திடுச்சு."

அவருடைய போனைக் கேட்டு வாங்கினேன். திரையின் ஒரு மூலை விரிசல் விட்டிருந்தது. எங்கள் ஆப்பைத் திறந்து, ரயில் போகிற மாதிரி ஒரு தள்ளு தள்ளினேன். மங்கலாகப் படங்கள் வந்தன. தொடாத படங்களில் டிக் உட்கார்ந்திருந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தெளிந்து, ஒவ்வொன்றாக மறைந்தது. ரஃபி சொன்னது அப்படியே.

அப்போதே சொல்லியிருக்கலாம். மூர்த்தி இருந்தார், கஜேந்திரன் இருந்தார், நான் இருந்தேன். 'சார், தப்பு எங்களுது' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்து, "செக் பண்ணிட்டுச் சொல்றோம் சார்" என்றேன். தெரிந்துகொண்ட பிறகு, தெரியாதவள் மாதிரி பேசினேன். இந்த வேலையில் நாம் சொல்கிற பொய்கள் எல்லாம் இப்படித்தான் இருக்கும்: பொய் என்று யாரும் பிடிக்கமுடியாத, மரியாதையான, 'சார்' போட்ட பொய்கள்.

திருத்துவதற்கு ஒரு வரி போதுமாக இருந்தது. நாற்காலி காலியானதும் இலையை எடு. அவ்வளவுதான். எழுதி, சோதித்து, அடுத்த நாளே எல்லாருடைய போனுக்கும் அனுப்பினோம். கூடவே என்ன மாறியிருக்கிறது என்று பயனர்களுக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். 'சில மிகச் சிறு குறைகள் சரிசெய்யப்பட்டுள்ளன' என்று எழுதினேன். எங்கள் மேலாளர் படித்துப் பார்த்துவிட்டு, "'மிக' வேணாம், சந்தேகம் வரும். 'சிறு' போதும்" என்றார். எடுத்துவிட்டேன்.

"ஸ்டூடியோக்காரங்களுக்கு விஷயத்தச் சொல்லிடலாமா?" என்று கேட்டேன். கேட்ட குரலிலேயே வேண்டாம் என்ற பதிலை எதிர்பார்த்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"சொன்னா ஆளுக்கொரு ஆல்பத்தத் தூக்கிகிட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. சரியாயிடுச்சுல்ல? விடுங்க."

விட்டேன்.

விடாதவர் கஜேந்திரன். அந்த வாரமே, ஷிப்டு முடிந்து தொழிற்சாலைச் சீருடையோடு அம்பத்தூருக்கு வந்துவிட்டார். வரவேற்பறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மேலாளர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே அச்சு விழுந்து விழுந்து எழுந்தது.

"மேடம், நீங்க புதுசா என்னவோ அனுப்ச்சிருக்கீங்க. இப்ப டிக்கு ஒழுங்கா வருது. அப்ப முன்னாடி ஒழுங்கா வரலன்னுதான அர்த்தம்?"

நான் கண்ணாடிச் சுவரைப் பார்த்தேன்.

"நான் மெஷின் ஷாப்ல இருக்கறவன். ஒரு பார்ட்டு திடீர்னு சரியா வர ஆரம்பிச்சா, யாரோ எதையோ திருப்பியிருக்காங்கன்னு தெரியும். உங்க மேல கேஸு போட வரல மேடம். எங்க அக்காகிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சொன்னா, போன் மேல பழியப் போட்டுத் தப்பிக்கறேன்னு சொல்லுது. எங்கூட்டுல வேற யாரு சொல்லியும் நம்பல."

யோசித்துப் பாருங்கள். அவர் சொன்னது உண்மை. அந்த உண்மை, மாட்டிக்கொண்ட ஒருவன் அவசரத்தில் தைத்த சாக்குப்போலவே இருந்தது. 'டிக் இருந்துச்சு, அப்புறம் போயிடுச்சு' என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்? ஒரு நல்ல மனிதரை அவர் அக்கா முன்னால் பொய்யராக நிறுத்தியிருந்தேன். நான் எழுதிய குறிப்பில் அது 'சிறு குறை'.

"ஞாயித்துக்கிழம வரேன் சார்" என்றேன்.

அவர் போனதும் மேலாளர் கதவைத் திறந்தார். "போறதுன்னா உங்க சொந்த விஷயமா போங்க. கம்பெனி பேரச் சொல்லாதீங்க."

ரஃபியிடம் போய் நின்றேன். பழைய ஆப்பை, திருத்தாத அந்தக் கெட்ட ஆப்பை, கஜேந்திரனின் போனில் மறுபடி ஏற்ற வேண்டும் என்றேன்.

"சரி பண்ணதக் கழட்டிட்டு, கெட்டுப்போனத மாட்டணும். அதானே மேடம்?"

"அதான்."

"நம்ம சர்வீஸ்லயே இப்டி ஒரு வேல வந்ததில்ல" என்றார். அன்றைய கிண்டலை அவர் நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நானும் வரேன். உங்களுக்கு அது சட்டுனு வராது, அதத் தள்ற கையி வேற."

முத்தாபுதுப்பேட்டையில் சரோஜாவின் வீடு சின்னது. வாசலறையில் தையல் மெஷின், அதன்மேல் பாதி தைத்த ஜாக்கெட், தரையெங்கும் கத்தரித்த ஓரத்துணிகள். கதவை அவர் முழுக்கத் திறக்கவில்லை. எங்கள் பின்னால் தம்பி நிற்பதைப் பார்த்ததும் கை கதவிலேயே நின்றது.

"யாரு இவங்க? சாட்சி கூட்டிகினு வந்துகீறியா?"

"அக்கா, அந்த ஆப்ப செஞ்சவங்க. ஒரு அஞ்சு நிமிசம்."

"செஞ்சவங்களா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "உள்ள வாம்மா. துணிய மிதிக்காம வா. ஊடு இப்டித்தான் கீது."

உட்கார்ந்தோம். நான் ஆரம்பித்தேன்: உங்கள் தம்பி உங்கள் படத்தைத் தள்ளவில்லை, எங்கள் ஆப் போடாத இடத்தில் டிக்கைக் காட்டியது, அவர் நீங்கள் ஏற்கெனவே சேர்ந்துவிட்டதாக நினைத்து அடுத்ததற்குப் போய்விட்டார். வழியெல்லாம் மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது. சொல்லி முடித்தபோது எனக்கே பொய்போல ஒலித்தது.

சரோஜா மெஷினில் உட்கார்ந்து பல்லால் நூலைக் கடித்தார். "ஏம்மா, படிச்ச பொண்ணு. உனக்கு எவ்ளோ சொல்லிக் குடுத்து அனுப்ச்சான்?"

"காட்டுறேன்ம்மா" என்றேன். ரஃபி, பழைய ஆப்பை ஏற்றியிருந்த கஜேந்திரனின் போனை எடுத்தார். கஜேந்திரன் அன்றைக்குச் செய்ததுபோல முதல் சில படங்களைத் தொட்டுத் தொட்டு டிக் போட்டார். பிறகு ஒரு தள்ளு.

ஒன்றும் ஆகவில்லை. படங்கள் பளிச்சென்று வந்தன. தொட்டதில் டிக், தொடாததில் வெறுமை. அழகாக, வழுக்கிக்கொண்டு, நான் ஆசைப்பட்டபடியே ஓடியது.

"நல்லாத்தான ஓடுது" என்றார் சரோஜா.

கஜேந்திரன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நீயுமா என்பதுபோல இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, நான் செய்தது கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இத்தனை நாள் எதை ஒளித்துவைக்கப் பாடுபட்டேனோ, அது இந்த நிமிடம் எல்லார் முன்னாலும் வெளியே வா என்று.

"மேடம், ஏத்துனப்ப ஒருவாட்டி ஓட்டிப் பாத்தேன்ல, படமெல்லாம் போன்லயே தங்கிடுச்சு. அதான் சட்டுனு வருது" என்றார் ரஃபி. "அத அழிச்சுட்டுப் பாக்கணும்." சேர்ந்திருந்த படங்களை அழித்தார். எழுந்து சிக்னல் குறைவான மூலையைத் தேடி, கடைசியில் மெஷினுக்குப் பக்கத்திலேயே வந்து தரையில் உட்கார்ந்தார். "இப்பத் தொடுங்க சார். இப்பத் தள்ளுங்க."

படங்கள் மங்கலாக வந்தன, நீராவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறவர்களைப்போல. சமையல்காரரின் படத்தில் டிக். காலி நாற்காலி வரிசையில் டிக். இன்னும் கொஞ்சம் தள்ளியதும், மஞ்சள் ஒன்றும் பச்சை ஒன்றுமாக இரண்டு நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. முகம் தெரியவில்லை.

"அது நானு" என்றார் சரோஜா.

படம் தெளியும் முன்பே சொன்னார். மெஷினை விட்டு எழுந்து, ரஃபியின் தோளுக்கு மேலே குனிந்து நின்றார். அந்த மங்கலின் மூலையில் டிக் இருந்தது.

"எனக்கு டிக்கு போட்டுத்தான கீது" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, படம் தெளிந்தது. கன்னத்தோடு கன்னம், தலைப்பை இழுத்துப் பிடித்த கை, சிரிப்பா கூச்சமா என்று சொல்லமுடியாத முகம். தெளிந்த அதே கணம் டிக் போய்விட்டது.

வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"இன்னொரு தபா காட்டு."

காட்டினோம். மறுபடி மங்கல், மறுபடி டிக், மறுபடி தெளிவு, மறுபடி வெறுமை. தன் முகத்திலிருந்து அது அழிவதை அவர் கண் இமைக்காமல் பார்த்தார். நானும் பார்த்தேன். என் திரையில் நான் பார்க்க மறுத்த அந்த இமைப்பொழுது இங்கே இவ்வளவு நீளமாக இருந்தது. ஒருவர் தன்னைக் கண்டுபிடிக்கவும், தன்னை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ளவும் போதுமான நீளம்.

சரோஜா தம்பியின் பக்கம் திரும்பினார். "அப்ப நீ என்னப் பாத்துகீற."

"பாத்தேன்க்கா. டிக்கு இருந்துச்சு. திவ்யா முன்னாடியே தொட்டிருப்பான்னு நெனச்சேன்."

"தெளிவா வர்ற வரைக்கும் நிக்கலயா?"

"நிக்கலக்கா."

"நின்னிருக்கலாம்ல."

கஜேந்திரன் தலையைக் குனிந்துகொண்டார். கேள்வி அவரைப் பார்த்துக் கேட்கப்பட்டது. பதில் என்னிடம் இருந்தது. அதையும் விழுங்கிவிட்டு வந்திருந்தால் இன்று உங்களுக்கு எழுத எனக்குக் கை வந்திருக்காது.

"அவர் நிக்கணும்னு நாங்க செய்யலம்மா" என்றேன். "நிக்காம ஓடணும்னுதான் செஞ்சோம். இப்படி ஆகுதுன்னு இவர் முன்னாடியே எங்கிட்ட சொன்னாரு. நான்தான் சிரிச்சு அனுப்பிட்டேன்."

ரஃபி தரையில் கிடந்த ஓரத்துணி ஒன்றை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

சரோஜா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். அவர் உள்ளே போய் மூன்று டம்ளரில் காபி கொண்டுவந்தார். தம்பிக்குக் கொடுக்கும்போது மட்டும், டம்ளரைக் கையில் கொடுக்காமல் மெஷின்மேல் டொக்கென்று வைத்தார்.

"நான் உன்ன எவ்ளோ பேசிட்டேன்" என்றார் அவரிடம். "தெருவுல நின்னு பேசினேன். பக்கத்தூட்டுக்காரி கேக்கற மாதிரியே பேசினேன். அத நான் யாருகிட்டப் போயி காட்டி அழிக்கறது?"

"விடுக்கா."

"வளையலுக்கு வரேன். ஆனா பின்னாடி நிக்கமாட்டேன், சொல்லிட்டேன். முன்னாடி எனக்கு ஒரு சேரு போடணும்."

"ரெண்டு போடறேன்."

"ஒண்ணு போதும்டா. நான் இன்னா அவ்ளோ குண்டாவா கீறேன்?"

கஜேந்திரன் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்தார்.

அந்தப் படத்தைச் சேர்த்து ஒரு பக்கத்தை மூர்த்தி மறுபடி அடித்துக் கொடுத்தார். மற்ற பக்கங்களோடு அது ஒட்டவில்லை. கொஞ்சம் தடிமனாக, தனியாகத் தெரிகிறது என்று கஜேந்திரன் பிறகு சொன்னார். திங்கட்கிழமை நான் மேலாளர் அறைக்குப் போய், ஸ்டூடியோக்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்றேன். அவர் மறுத்தார். நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. கடைசியில் எழுதினோம். சில ஸ்டூடியோக்காரர்கள் வாடிக்கையாளர்களுக்குத் தகவல் சொன்னார்கள். பலர் சொல்லவில்லை. "முடிஞ்சு போன கல்யாணத்த யாரு மேடம் கிளறுவாங்க?" என்று மூர்த்தியே கேட்டார், கேட்டுவிட்டு, தன் பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தார். எத்தனை ஆல்பங்களில் யார் யார் இல்லாமல் போனார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. யாராவது ஒரு ஆல்பத்தைப் பிரித்தால் காது சுடுவது அதனால்தான்.

இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டதற்குக் காரணம் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்பியபோது இவை எதையும் நான் செய்திருக்கவில்லை. செய்வேன் என்ற எண்ணமும் இல்லை. ஒரு வீட்டில் சொல்லிவிட்டேன், பாரம் இறங்கிவிட்டது என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சரோஜா வாசல்வரை வந்தார். இந்த முறை கதவு முழுக்கத் திறந்திருந்தது.

"ஏம்மா, இந்த ஆப்பு எங்க ஊட்ல மட்டுமா கீது?"

"இல்லம்மா. நிறைய வீட்ல."

"அங்கல்லாம் போயி சொல்லிட்டியா?"

"இல்லம்மா."

அவர் குனிந்து, ஓரத்துணிக்கு அடியில் கிடந்த என் செருப்பை எடுத்து என் காலுக்கு நேராக வைத்தார்.

"போயி சொல்லு. அங்கயும் எவளாச்சும் கதவ சாத்திகினு குந்திகினு இருப்பா."